சும்மா இருக்கும் வேலை

ஒன்றாம் வகுப்பில் இரண்டு மிஸ்கள் இருந்தார்கள். பெரிய மிஸ்ஸுக்கு வயது இருபத்தேழு; புத்தக அலமாரிக்குப் பின்னால் நின்றால் கண் மட்டும் தெரியும். சின்ன மிஸ்ஸுக்கு வயது ஐம்பத்தொன்று. மின்விசிறியைத் துடைக்க அவளுக்கு ஏணி தேவைப்பட்டதில்லை, குழந்தைகள் உட்காரும் நாற்காலி ஒன்று போதும். பாடம் நடத்துகிறவர் பெரிய மிஸ், கூட இருப்பவர் சின்ன மிஸ். இது குழந்தைகள் செய்த ஏற்பாடு. வயதையும் உயரத்தையும் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பத்தொன்பது வருடத்தில் ஏழு பெரிய மிஸ்கள் வந்து போயிருந்தார்கள். பிள்ளைகளும் அப்படித்தான். பல நாட்டுக் குழந்தைகள் படிக்கும் பன்னாட்டுப் பள்ளி அது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ மாற்றல் வந்தால் பாதி வருடத்தில் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். தலைமையாசிரியர்கள் நான்கு பேர் மாறினார்கள். தரைவிரிப்பு மூன்று முறை மாறியது. தொட்டியில் மீன் எத்தனை முறை மாறியது என்பதைச் சின்ன மிஸ் யாரிடமும் சொன்னதில்லை. மாறாமல் இருந்தவள் அவள் மட்டும்தான். இரண்டாவது ஜன்னலின் கொக்கியைத் தூக்கித் திருகினால்தான் விழும் என்பது அவளுக்கும் அந்தக் கொக்கிக்கும் மட்டுமே தெரியும்.

அறை முழு நாளும் அவளுடையது அல்ல. எட்டு மணியிலிருந்து எட்டரை வரைதான். அந்த அரைமணி நேரம் பெரிய மிஸ்கள் எல்லோரும் தலைமையாசிரியர் அறையில் கூடிப் பேசுவார்கள். என்ன பேசுவார்கள் என்று சின்ன மிஸ் கேட்டதில்லை. அவளுக்கு இங்கே இருபத்திரண்டு பேர் இருந்தார்கள்.

இருபத்திரண்டு பேருக்கும் வேலை உண்டு. கதவோரச் சுவரில் ஒரு பலகை. அதில் வரிசையாக அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு படம். கதவைப் பிடிப்பவர், விளக்குப் போடுபவர், வருகை எடுப்பவர், வானிலை சொல்பவர், தேதி மாற்றுபவர், பென்சில் சீவுபவர், செடிக்குத் தண்ணீர் ஊற்றுபவர், மீனுக்குத் தீனி போடுபவர், சிந்தினால் துடைப்பவர், வரிசையில் முதலில் நிற்பவர், வரிசையில் கடைசியில் நின்று யாரும் விட்டுப்போகவில்லை என்று பார்ப்பவர். இப்படி இருபத்தொன்று. ஒவ்வொரு அட்டையின் பக்கத்திலும் ஒரு குழந்தையின் புகைப்படம் ஒட்டிய துணிக்கிளிப். தினமும் சாயங்காலம் கிளிப்புகள் எல்லாம் ஓர் அட்டை கீழே இறங்கும். கடைசியில் இருப்பது மேலே ஏறும்.

இருபத்திரண்டாவது அட்டையில் படம் கிடையாது. வெள்ளை.

அதற்கு ஒரு கதை உண்டு, சின்னக் கதைதான். பதினாறு வருடத்துக்கு முன் வேலைகள் இருபத்தொன்றுதான் இருந்தன, பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். வேலை கிடைக்காத ஒரு பெண் குழந்தை காலையிலிருந்து சாப்பாட்டு மணிவரை அழுதது. சின்ன மிஸ் அவசரத்துக்கு ஓர் அட்டையை வெட்டினாள். என்ன படம் போடுவதென்று தோன்றவில்லை. அதற்குள் பிளாஸ்டிக் உறை போடும் இயந்திரம் சூடாகிவிட்டது. அப்படியே உள்ளே விட்டுவிட்டாள்.

"இது என்ன வேலை மிஸ்?" என்று கேட்டது குழந்தை.

"சும்மா இருக்கற வேலை."

அழுகை நின்றது. அடுத்த வாரம் வகுப்பே அந்த வேலைக்கு அடித்துக்கொண்டது.

அதற்கான விதிகளைச் சின்ன மிஸ் போடவில்லை. அவை தாமாகவே சேர்ந்தன. அண்ணன் படித்த வகுப்பில் தம்பி சேர்ந்தபோது அப்படியே கைமாறி வந்தன. சும்மா இருப்பவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார வேண்டும். கை மடியில் இருக்க வேண்டும். பென்சில் தொடக்கூடாது. யாருக்கும் உதவக்கூடாது, யாரையும் திருத்தக்கூடாது, பதில் தெரிந்தாலும் சொல்லக்கூடாது. பார்க்கலாம். பெரிய முள் ஆறுக்கு வரும்வரை அவ்வளவுதான். ஆறு வயதுக்காரர்களுக்கு இதைவிடக் கடினமான வேலை அந்தப் பள்ளியில் இல்லை. ஒரு தகப்பனார் ஒருமுறை நேரில் வந்து, "என் பையன் வீட்டுக்கு வந்து இன்னிக்கு சும்மா இருந்தேன், நல்லா இருந்தேன்னு மிஸ் சொன்னாங்கன்னு பெருமையா சொல்றான். இதுக்கா அனுப்பறோம்?" என்று கேட்டார். "உங்களால அரைமணி முடியுமா சார்?" என்று சின்ன மிஸ் கேட்டாள். அவர் கைபேசி அடித்தது. எடுத்துக்கொண்டு வெளியே போனவர் திரும்பி வரவில்லை.

இன்னொரு விதியும் இருந்தது. அந்த அறையில் வேலை இல்லாமல் யாரும் உட்காரக்கூடாது. யாராவது விடுப்பில் இருந்தால் அவர் வேலையைச் சின்ன மிஸ் செய்வாள். விருந்தாளி வந்திருந்தால் விருந்தாளி செய்வார். தீயணைப்புக் கருவியைச் சோதிக்க வந்தவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் போனார். தலைமையாசிரியர் ஒருநாள் பதினெட்டுப் பென்சில் சீவினார்.

போன மாதம் நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. இனிமேல் உதவி ஆசிரியர்கள் எல்லோருக்கும் சான்றிதழ் இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்து அரைமணி நேரம் உட்கார்ந்து பார்ப்பார், படிவம் நிரப்புவார். தேறினால் சான்றிதழ். தேறாதவர்கள் அதே சம்பளத்தில் சாப்பாட்டுக் கூடத்துக்கு மேற்பார்வையாளராக மாற்றப்படுவார்கள். அங்கே அறுநூறு பிள்ளைகள், மூன்று பந்தி. ஒருவர் முகத்தையும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பார்க்க முடியாது. கொக்கி வைத்த ஜன்னலும் கிடையாது.

சின்ன மிஸ் கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அதே சம்பளம்னா என்ன பிரச்சினை?" என்றார் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் மேலே போகிறதா, கீழே போகிறதா, நின்றுவிட்டதா என்று மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது அவர் வழக்கம்.

"எனக்கு அந்த அறை வேணுங்க."

"சரி."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் இது ஒரு வசதி.

நாத்தனார் அப்படி விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தவள் கடிதத்தை ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்தாள். "அண்ணி, பத்தொம்பது வருஷமா ஒண்ணாங்கிளாஸ்லயே இருக்கீங்க. இன்னும் பாஸ் ஆகலையா?"

"நீதான் பாஸ் ஆகி எங்கயோ போயிட்டியே, அது போதாதா குடும்பத்துக்கு?"

"எதுக்குக் கோவிச்சுக்கறீங்க? படிவத்தைக் காட்டுங்க, பாப்போம்."

படிவத்தின் மாதிரியைப் பள்ளியே கொடுத்திருந்தது. முப்பது கட்டங்கள். விளக்குகிறார். கேள்வி கேட்கிறார். தெளிந்த குரலில் அறிவுறுத்துகிறார். உடனுக்குடன் பாராட்டுகிறார். பிழையைச் சுட்டிக்காட்டித் திருத்துகிறார். எல்லாம் செய்கிற வேலைகள். நாத்தனார் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"இது செய்வீங்களா?"

"பசங்களே பாத்துப்பாங்க."

"இது?"

"அதுவும் அவங்களேதான்."

"அப்ப நீங்க என்ன அண்ணி செய்வீங்க?"

சின்ன மிஸ் யோசித்தாள். பொய் சொல்ல மனமில்லை. "உக்காந்திருப்பேன்" என்றாள்.

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் டீயைப் பார்த்தார்.

"லிஃப்ட் ஒழுங்கா ஓடினா அந்தக் கட்டடத்துல ஒருத்தனுக்கும் என் மூஞ்சி தெரியாது" என்றார் அவர் கடைசியில். "நின்னு போனாதான் என் நம்பரைத் தேடுவாங்க. அன்னிக்கு ஏதாவது ஒண்ணு நின்னு போகணும். நீ போய் சரி பண்ணணும். பாக்க வர்றவங்க டிக் போடணும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒத்திகை நடந்தது. கணவர் பிள்ளையாக உட்கார்ந்தார். சின்ன மிஸ் எதிரே நின்று, "மிக அருமை!" என்று சொல்லிப் பழகினாள். பத்தொன்பது வருடத்தில் அவள் யாரிடமும் சொல்லாத சொல் அது. அவளுடைய பாராட்டு ஒரு தலையசைப்பு, மிஞ்சிப்போனால் இரண்டு. கணவர், "யாரையோ மிரட்டற மாதிரி இருக்கு" என்றார். கொஞ்சம் இறக்கிச் சொன்னாள். "இப்ப யாரோ செத்துட்ட மாதிரி இருக்கு" என்றார். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை மதிப்பீடு. சின்ன மிஸ் முன்கூட்டியே கிளிப்புகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள், வியாழனன்று யாருக்கு எது விழும் என்று. பலகையை வாசிக்கும் வேலை ஜட்ஜம்மாவுக்கு வந்தது.

ஜட்ஜம்மா என்பது ஆசிரியர் அறையில் வைத்த பெயர். ஆறு வயது, முன்பல் இரண்டும் இல்லை, முகத்தில் எப்போதும் தீர்ப்புக்குத் தயாராக இருக்கும் ஒரு களை. போன வாரம் காய்ச்சிய பாலில் ஆடை இருக்கலாமா கூடாதா என்று இரண்டு பேருக்குள் வந்த வழக்கை இவள்தான் முடித்துவைத்தாள். வெள்ளை அட்டை கல்லுக்காரனுக்கு. தினமும் வழியில் ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டு வருவான், அதனால் அந்தப் பெயர். வியாழக்கிழமை தன் முறை என்பதை அவன் ஒரு வாரமாகக் கல்லுகளிடம்கூடச் சொல்லியிருந்தான். வானிலை புதுப்பையனுக்கு. அவன் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அந்த அறையில் பேசப்படும் எந்த மொழியும் அவனுக்கு வராது. அவன் மொழி அறையில் யாருக்கும் வராது. வானிலை என்றால் வாயைத் திறக்க வேண்டியதில்லை, படத்தை எடுத்துக் காட்டினால் போதும்.

எல்லாம் சரியாகத்தான் அமைந்திருந்தது. விருந்தாளிக்கு வேலை மிஞ்சவில்லை. மதிப்பீட்டாளர் பாட்டுக்கு ஓரமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டு போகலாம்.

வியாழக்கிழமை ஏழரைக்கே வந்துவிட்டாள். கணவர் சொன்னது நினைவுக்கு வர, துடைக்கும் துணியை எடுத்து அலமாரியின் மேல் ஒளித்து வைத்தாள். ஏதாவது சிந்தும், துணி இருக்காது, எல்லோரும் விழிப்பார்கள், அவள் எழுந்து போய் எடுத்துத் தருவாள், ஒரு டிக். நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். துணி இல்லாத கொக்கி கண்ணை உறுத்தியது. ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தாள். எழுந்து போய்த் துணியை இருந்த இடத்தில் மாட்டினாள்.

ஏழு ஐம்பதுக்கு அலுவலக உதவியாளர் கதவைத் தட்டினார். "கல்லு கொண்டு வர்ற பையனுக்குக் காய்ச்சலாம். அவங்க அம்மா போன் பண்ணாங்க. பையன் லைன்ல வந்து அழுதான்."

சின்ன மிஸ் பலகையைப் பார்த்தாள். கல்லுக்காரனின் கிளிப் வெள்ளை அட்டையின் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தது.

கிளிப்பை மாற்றிவிட ஒரு விநாடி போதும். யாரும் பார்க்கவில்லை. ஆனால் உள்ளே வரப்போகும் இருபத்தொரு பேருக்கும் அவரவர் வேலை நேற்றே தெரியும். ஒருத்தருக்கு மாற்றினால் இருபத்தொரு பேருக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். அதிலும் ஜட்ஜம்மாவுக்கு எழுத்தில் தர வேண்டியிருக்கும். கையை இறக்கிக்கொண்டாள்.

மதிப்பீட்டாளர் ஏழு ஐம்பத்தைந்துக்கு வந்தார். அறுபதை நெருங்கும் பெண்மணி, இஸ்திரி கலையாத உடை, கையில் கிளிப் வைத்த அட்டை, அதில் படிவம், காதில் ஒரு பென்சில். பார்வை சீராக இருந்தது. "நான் இருக்கறதையே மறந்துடுங்க" என்றார்.

"முயற்சி பண்றேன்" என்றாள் சின்ன மிஸ்.

பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டதும் கதவு திறந்தது. கதவுக்காரன் கதவைப் பிடித்தான். விளக்கு எரிந்தது. பைகள் கொக்கியில், தண்ணீர் பாட்டில்கள் தட்டில், வீட்டில் படித்த புத்தகங்கள் நீலப் பெட்டியில். இருபத்தொரு பேரும் விரிப்பில் வட்டமாக உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சின்ன மிஸ் அலமாரி ஓரத்தில் தன் நாற்காலியில் இருந்தாள். மதிப்பீட்டாளர் படிவத்தின் மேல் நேரத்தைக் குறித்தார். முதல் கட்டத்துக்கு வந்தார். நிமிர்ந்து சின்ன மிஸ்ஸைப் பார்த்தார். எழுத எதுவும் இல்லாததால் காத்திருந்தார்.

ஜட்ஜம்மா பலகையின் முன் நின்று ஒவ்வொரு வேலையாக வாசித்தாள். கடைசி அட்டைக்கு வந்ததும் நிறுத்தினாள். வட்டத்தைப் பார்த்தாள், ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தாள், மதிப்பீட்டாளரைப் பார்த்தாள். நேராக நடந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"அவனுக்குக் காய்ச்சல். இன்னிக்கு நீங்கதான் சும்மா இருக்கணும்."

"நான் சும்மா இருக்க வரலைம்மா. எனக்கு வேலை இருக்கு."

"ஆமா, இதுதான் வேலை. அங்க போய் உக்காருங்க. கையை மடியில வெச்சுக்கணும். பென்சில் குடுங்க."

"இந்த ஃபாரம் எழுதணுமே கண்ணு."

"முள்ளு ஆறுக்கு வந்தப்புறம் எழுதலாம்."

"அதுக்குள்ள மறந்துடுவேனே?"

"எனக்கு மறக்கலையே" என்றாள் ஜட்ஜம்மா. அவள் முறை போன மாதம் வந்து போயிருந்தது. கை நீண்டபடியே இருந்தது.

மதிப்பீட்டாளர் சின்ன மிஸ்ஸைப் பார்த்தார். இருபது பிள்ளைகளும் விரிப்பிலிருந்து திரும்பிச் சின்ன மிஸ்ஸைப் பார்த்தார்கள். மீன்கூட இந்தப் பக்கம் வந்திருந்தது.

'அவங்களுக்கு வேண்டாம்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பென்சில் அவரிடமே இருக்கும், படிவம் நிரம்பும். நிரம்பாத படிவத்துக்கு யாரும் சான்றிதழ் தரமாட்டார்கள். சாப்பாட்டுக் கூடம் கண்ணுக்குள் வந்து போனது, மூன்று பந்தியும். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் நாளைக்கு இந்தப் பலகை வெறும் பலகை. பெரியவர்களுக்கு ஒன்று, நமக்கு ஒன்று என்று இருபத்தொரு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். பிறகு அறை இருந்து என்ன செய்ய?

"ரூல் ரூல்தான்" என்றாள் சின்ன மிஸ்.

மதிப்பீட்டாளர் காதிலிருந்து பென்சிலை எடுத்துக் கொடுத்தார். கொஞ்சம் தயங்கி, அட்டையையும் கொடுத்தார். ஜட்ஜம்மா இரண்டையும் மேசையின் மேல் ஒழுங்காக வைத்துவிட்டு வந்தாள். ஆறு வயதுப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில், முழங்கால் மார்பைத் தொட, கையை மடியில் வைத்துக்கொண்டு மதிப்பீட்டாளர் உட்கார்ந்தார்.

அதன் பிறகு எல்லா நாளையும் போலவே நடந்தது. சின்ன மிஸ்ஸின் கவலையும் அதுதான்.

வருகை எடுப்பவள் பெயர் சொல்ல, ஒவ்வொருவரும் அவரவர் வீட்டு மொழியில் பதில் சொன்னார்கள். புதுப்பையன் இரண்டுமுறை தரையைத் தட்டினான். அது அவன் மொழி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது. தேதி மாறியது. மீனுக்கு ஒரு சிட்டிகை தீனி விழுந்தது. வகுப்பில் இருந்த இரட்டையரில் ஒருத்தி பாட்டிலைக் கவிழ்த்து, வருகைத் தாளின்மேல் தண்ணீர் ஓடியது. துடைப்பவன் துணியை எடுத்து வந்தான். தண்ணீர் கொட்டாத இன்னொருத்தி, அக்காவுக்காக அழுவதற்கு உதட்டைப் பிதுக்கினாள். சின்ன மிஸ் புருவத்தைத் தூக்கினாள். உதடு உள்ளே போயிற்று.

வானிலை வந்தது. புதுப்பையன் எழுந்து போய்ப் படங்களைப் புரட்டினான். மழைப்படத்தை எடுத்து உயர்த்தினான்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. வானிலை சொல்பவரை யாரும் திருத்துவதில்லை. சின்ன மிஸ் தன் நாற்காலியை அரை அடி இடதுபுறம் நகர்த்தினாள். அவ்வளவுதான். பையன் நிமிர்ந்து பார்த்தான். சிறிது நேரம் பார்த்தான். மழைப்படத்தை வைத்துவிட்டுச் சூரியனை எடுத்துக் காட்டினான். இருபது பேரும் 'வெயில்' என்றார்கள், பதினொரு மொழியில். மதிப்பீட்டாளரின் கை மடியில் ஒருமுறை அசைந்தது. ஜட்ஜம்மா திரும்பிப் பார்த்தாள். கை அடங்கியது.

சின்ன மிஸ்ஸுக்கு மணி பார்க்கப் பார்க்கப் பதைத்தது. இருபது நிமிடம் ஓடிவிட்டது, அவள் இதுவரை ஒரு கட்டத்துக்கும் தகுதியாக எதையும் செய்யவில்லை. இனித் தாமதிக்கக்கூடாது. பென்சில் சீவுபவன் சீவிய பென்சில்களை முனை மேலாக டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்து, வீட்டில் பழகிய நடுக்குரலில், "மிக அருமை!" என்றாள்.

பென்சில் சீவுபவன் கையிலிருந்ததைக் கீழே போட்டான். வரிசையில் கடைசியில் நிற்பவள் மெல்ல எழுந்து வந்து சின்ன மிஸ்ஸின் முழங்காலில் கை வைத்தாள்.

"என்ன ஆச்சு மிஸ்? உடம்பு சரியில்லையா?"

சின்ன மிஸ் தலையை ஆட்டினாள், ஒன்றுமில்லை என்று. மீதி நேரம் வாயைத் திறக்கவில்லை. கடிகாரம் எட்டரை ஆனதும், "பெரிய முள் ஆறு" என்று மட்டும் சொன்னாள். அதுவும் தினம் சொல்வதால் சொன்னது.

ஜட்ஜம்மா பென்சிலையும் அட்டையையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். "நல்லா இருந்தீங்க" என்றாள்.

"நன்றி" என்றார் மதிப்பீட்டாளர். எழுந்திருக்க அவருக்கு இரண்டு பேரின் உதவி தேவைப்பட்டது.

பெரிய மிஸ் வந்து பாடத்தைத் தொடங்கினாள். சின்ன மிஸ் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மதிப்பீட்டாளர் வராந்தாவில், காலணி மாற்றும் குட்டை பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிட வேலை என்று நினைத்தாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரம் ஒருவர் எழுதுகிறார் என்றால் குறைகள் பட்டியலாகத்தான் இருக்கும். சாப்பாட்டுக் கூடத்தில் மேற்பார்வையாளர்களுக்குத் தலையில் வலை போடச் சொல்வார்கள். தன் தலை அளவுக்கு வலை இருக்குமா என்று யோசிக்கத் தொடங்கினாள்.

மதிப்பீட்டாளர் கதவைத் தட்டி, விரலால் கூப்பிட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தப் பையன் மழைன்னு காட்டினான் இல்லையா? அப்ப நீங்க நாற்காலியை நகத்தினீங்க. ஏன்?"

"அவன் நின்ன இடத்துலேருந்து பாத்தா ஜன்னலை நான் மறைச்சுட்டிருந்தேன்."

"அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே, வெளிய பாருன்னு?"

"எந்த மொழியில சொல்றது மேடம்?"

மதிப்பீட்டாளர் அதை எழுதிக்கொண்டார்.

வீட்டில் கணவர், "ஏதாவது நின்னு போச்சா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் நிக்கலைங்க. எல்லாம் ஓடிச்சு."

"அடடா" என்றார் அவர் வருத்தத்துடன்.

கல்லுக்காரன் திங்கட்கிழமை வந்தான். காய்ச்சலில் வாடிய முகம், பையில் இரண்டு நாள் பாக்கிக்கு இரண்டு கல். தன் முறையை யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள், திருப்பித் தர வேண்டும் என்று வழக்குத் தொடுத்தான். ஜட்ஜம்மா விசாரித்தாள். விருந்தாளி விதிப்படிதான் இருந்தார், கையை ஒரே ஒருமுறை அசைத்தார், ஆகையால் முறை முடிந்தது. அடுத்தது கிளிப் சுற்றி வரும்போது. கல்லுக்காரன் ஒரு கல்லை எடுத்துத் தொட்டியில் போட்டான். மீனுக்குத் தீனி போடுபவர் அதை வெளியே எடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து உறை வந்தது. சின்ன மிஸ் அதைப் பள்ளியில் பிரிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்து, நாத்தனார் வருவதற்கு முன் பிரித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டாள். நாத்தனார் அன்றைக்கு என்று பார்த்து முன்னாலேயே வந்துவிட்டாள்.

"குடுங்க அண்ணி, நானே படிக்கறேன்."

முப்பது கட்டங்களில் இருபத்தாறில் ஒரே ஒரு கோடு இழுத்திருந்தது. அதன் மேல், 'பிள்ளைகளே செய்கிறார்கள்' என்று எழுதியிருந்தது. குரல் என்ற கட்டத்தில், 'அரைமணி நேரத்தில் மூன்று வாக்கியங்கள். அவற்றில் ஒன்று தேவையற்றது.' பின்பக்கம் முழுவதும் நெருக்கமான கையெழுத்து. புருவம் ஒன்பது முறை. ஒவ்வொன்றும் யாரை நோக்கி, எதற்காக என்று நேரத்தோடு. நாற்காலி ஒருமுறை. தலையசைப்பு ஐந்து. கடைசி வரி: 'படிவத்தில் புருவத்துக்குக் கட்டம் இல்லை. பென்சில் கையில் இருந்திருந்தால் நானும் கவனித்திருக்க மாட்டேன். தேர்ச்சி.'

நாத்தனார் தாளைத் திருப்பிப் பார்த்தாள், வேறெங்காவது வேறு ஏதாவது இருக்கிறதா என்று. இல்லை.

"ஒரு வழியா ஒண்ணாங்கிளாஸ் பாஸ் ஆயிட்டீங்க" என்றாள்.

"உன் ஆசீர்வாதம்" என்றாள் சின்ன மிஸ்.

கணவர் உறையில் இருந்த சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சரி, இனிமே என்ன மாறும்?"

"ஒண்ணும் மாறாது."

"அதுக்கா ஒரு மாசமா தூங்கலை?"

"அதுக்குத்தாங்க."

சான்றிதழை அவரவர் அறையில் மாட்ட வேண்டும் என்பது நிர்வாகத்தின் உத்தரவு. மறுநாள் காலை சின்ன மிஸ் இயந்திரத்தைச் சூடாக்கி அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டாள். சுவரில் வேறெங்கும் ஆணி இல்லாததால் பலகையின் ஓரத்தில் மாட்டினாள், வெள்ளை அட்டைக்குக் கீழே.

அன்று பேருந்து சீக்கிரம் வந்துவிட்டது. ஜட்ஜம்மா கதவுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பிறகு கதவைத் தள்ளித் தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"மிஸ், இது என்ன வேலை?"

"அது என் வேலை."

"நாளைக்கு யாருக்குப் போகும்?"

"யாருக்கும் போகாது. எனக்கேதான்."

"நாளான்னிக்கு?"

"அப்பவும் எனக்குத்தான்."

ஜட்ஜம்மா யோசித்தாள். பல் இல்லாத இடத்தில் நாக்கை வைத்துக்கொண்டு நன்றாகவே யோசித்தாள்.

"அது நியாயம் இல்ல மிஸ்" என்றாள்.

சின்ன மிஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். பெரிய முள் பன்னிரண்டுக்கு வர இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. புருவத்தைத் தூக்கினாள். ஜட்ஜம்மாவின் தலை வெளியே போயிற்று, கதவு மூடிக்கொண்டது.